ஜூலையில் இந்தியா, ஏப்ரலில் அமெரிக்கா: என்ஆர்ஐ வரித் தாக்கலுக்கு மூன்று இலவசத் தளங்கள், ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்துகொண்டு, ஊரில் ஒரு என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் ரூபாய்க் கணக்கு), கொஞ்சம் ஃபிக்சட் டெபாசிட், வாடகைக்கு விட்ட ஒரு வீடு என்று வைத்திருக்கும் என்ஆர்ஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர், வருடத்துக்கு மூன்று அரசுத் தளங்களில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இந்திய வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளம் ஒன்று. அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் ஃப்ரீ ஃபைல் ஃபில்லபிள் ஃபார்ம்ஸ் இரண்டாவது. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் பிஎஸ்ஏ இ-ஃபைலிங் மூன்றாவது. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. இங்கே ஆடிட்டரும் அங்கே சிபிஏவும் (அமெரிக்கக் கணக்காளர்) இல்லாமல் இவற்றை மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியுமா?

முடியும், இந்திய மியூச்சுவல் ஃபண்ட் இல்லாதவரால். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று தளங்களும் பரவாயில்லை ரகம்தான். ஒன்றில் வந்த விடையை அடுத்ததற்குத் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில்தான் கணக்கு கெடுகிறது. அந்த இடத்துக்கு இரண்டு அரசுகளில் எதுவும் பொறுப்பு எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் இந்தியத் தளம். 2021 ஜூன் 7 அன்று புது வடிவத்தில் வந்தபோது அது வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அந்தக் கெட்ட பெயர் அதற்குப் பொருந்தாது. பான் எண்தான் பயனர் பெயர். பதிவில் வெளிநாட்டுக் கைபேசி எண்ணையும் கொடுக்கலாம். உள்ளே போனதும் ரிட்டர்னைத் தொடாமல் முதலில் சுயவிவரப் பக்கத்துக்குப் போய், வசிப்பு நிலை 'நான்-ரெசிடென்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். பலருக்கு அது 'ரெசிடென்ட்' என்றே கிடக்கும். என்ஆர்ஐக்கு பான்–ஆதார் இணைப்புக் கட்டாயம் இல்லை. ஆனால் தளத்தின் பதிவில் நீங்கள் ரெசிடென்டாகவே இருந்தால் அந்த விலக்கு உங்களுக்கு என்று அதற்கு எப்படித் தெரியும்? பான் செயலிழந்துபோனதாகக் காட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

யார் நான்-ரெசிடென்ட் என்பதை நாட்களை எண்ணித்தான் சொல்ல முடியும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் 182 நாட்களுக்குக் குறைவாக இருந்திருக்க வேண்டும். ஊருக்கு வந்துபோகும் இந்தியக் குடிமக்களில், இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு 2020-21 முதல் இந்த வரம்பு 120 நாளாகக் குறைந்துவிட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு நாலு மாதம் அம்மா அப்பாவோடு இருந்துவிட்டு வருபவர்கள் பாஸ்போர்ட் முத்திரைகளை ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

படிவம் ஐடிஆர்-2. ஐடிஆர்-1 எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும் அது என்ஆர்ஐக்கு இல்லை. தொழில் வருமானம் இருந்தால் மட்டும் ஐடிஆர்-3. முன்கூட்டியே நிரப்பித் தரும் வசதிதான் இந்தத் தளத்தின் பெரிய பலம்: வங்கி வட்டி, டிவிடெண்ட், டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) எல்லாம் ஓரளவு வந்துவிடும். ஆனாலும் உங்கள் வருமானத்தைப் பற்றித் துறைக்குத் தெரிந்ததைக் காட்டும் ஏஐஎஸ், பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்காமல் விடக் கூடாது. டிடிஎஸ் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் எந்தத் தலைப்பின் கீழ் வருமானத்தைக் காட்டினீர்கள் என்று கேட்கும். அதைச் சரியாக இணைக்காமல் டிடிஎஸ்ஸை மட்டும் கோரினால் 139(9) பிரிவின்படி 'குறைபாடுள்ள ரிட்டர்ன்' என்று நோட்டீஸ் வர வாய்ப்பு உண்டு.

26ஏஎஸ்ஸில் உங்கள் வட்டிக்கு 10 சதவீதம்தான் பிடித்திருக்கிறார்களா? மகிழ வேண்டாம். வங்கி உங்களை இன்னும் உள்ளூர்க்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது, சேமிப்புக் கணக்கு என்ஆர்ஓவாக மாறவில்லை என்று அர்த்தம். என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிப்பார்கள். வாடகைக்கும் இதே விகிதம்தான். பிடிக்க வேண்டியவர் உங்கள் வாடகைதாரர், அதற்கு அவர் வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்க வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை 27க்யூ என்ற டிடிஎஸ் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இதைக் கேட்டதும் பாதி வாடகைதாரர்கள் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள் என்பது வேறு விஷயம்.

கணக்குப் போடும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. 12 லட்சம் வரை வரி இல்லை என்ற அறிவிப்பு 87ஏ தள்ளுபடியால் வருவது. அது ரெசிடென்டுக்கு மட்டும். என்ஆர்ஐக்குப் புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு முதல் 4 லட்சம்தான் விலக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். வீட்டு வாடகையில் நகராட்சி வரி போக மீதியில் 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். பழுதுபார்த்த பில் எதுவும் கேட்பதில்லை.

ரிட்டர்னை அனுப்புவதைவிட அதைச் சரிபார்ப்பதில்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதார் ஓடிபி, ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு மட்டுமே போகும். அந்த சிம் ரீசார்ஜ் ஆகாமல் செத்துப்போயிருந்தால் வழி அடைபட்டது. சுலபமான மாற்று, என்ஆர்ஓ கணக்கின் நெட்பேங்கிங் வழியாக உள்ளே நுழைந்து சரிபார்ப்பது. அதுவும் முடியாவிட்டால் ஐடிஆர்-வி தாளை அச்சிட்டு, கையெழுத்திட்டு, பெங்களூருவில் உள்ள வருமான வரித் துறையின் சிபிசி மையத்துக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். தாக்கல் செய்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். 2022 ஆகஸ்டுக்கு முன் 120 நாள் இருந்தது, பழைய நினைப்பில் இருப்பவர்கள் கவனிக்க. ரீஃபண்ட் வருவதற்கு வங்கிக் கணக்கு முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். பானில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் இனிஷியல் விரிவில் மாறுபட்டால் அது தோல்வியடையும். தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தலைவலி இது. அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிட்ட பான் கார்டும், இனிஷியல் மட்டும் உள்ள வங்கிப் புத்தகமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது.

இனி விவகாரமான இடம். இந்திய–அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 11-வது பிரிவு, அமெரிக்காவில் வசிப்பவருக்கு இந்திய வங்கி வட்டியில் 15 சதவீதத்துக்கு மேல் இந்தியா வரி வாங்கக் கூடாது என்கிறது. உடனே எல்லோரும் டிஆர்சி எனப்படும் வசிப்புச் சான்றுக்கு ஓடுகிறார்கள். அமெரிக்காவில் அதன் பெயர் படிவம் 6166. அதை வாங்க 8802 விண்ணப்பம், தனிநபருக்கு 85 டாலர் கட்டணம். முந்தைய ஆண்டு டிசம்பர் 1-க்கு முன் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சான்று வந்ததும் இந்தியத் தளத்தில் ஒப்பந்தச் சலுகை கேட்பவருக்கான படிவம் 10எஃப் தாக்கல் செய்து, இரண்டையும் வங்கியிடம் கொடுத்தால் 15 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். ரிட்டர்னில் பிற வருமான அட்டவணையில் ஒப்பந்த விகிதத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது: நாடு, ஒப்பந்தப் பிரிவு, விகிதம், சான்று இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்கும்.

ஆனால் இந்த 85 டாலர் எல்லோருக்கும் தேவையா? 3 லட்சம் ரூபாய் என்ஆர்ஓ வட்டியை வைத்துப் பாருங்கள். பிடித்த டிடிஎஸ் 93,600. வேறு இந்திய வருமானமே இல்லையென்றால், 4 லட்ச விலக்குக்குள் அடங்கிவிடுவதால் வரி பூஜ்யம். ரிட்டர்ன் போட்டால் 93,600-ம் திரும்பிவிடும், ஒப்பந்தம் எதற்கு? வாடகைக் கழிவு போக 8 லட்சம் வீட்டு வருமானம் இருந்தால், வட்டியின் மேல் சாதாரண முறையில் 10 சதவீதமும் செஸ்ஸுமாக 31,200 வரும். ஒப்பந்தப்படி 15 சதவீதம் கேட்டால் 45,000. கேட்டவருக்கு நஷ்டம். வீட்டு வருமானம் 12 லட்சமாக இருந்தால் 46,800-க்கும் 45,000-க்கும் போட்டி, மிச்சம் 1,800 ரூபாய். அது சான்றுக் கட்டணத்துக்கே காணாது. இந்திய வருமானம் 24 லட்சத்தைத் தாண்டியவருக்குத்தான் 93,600 எதிர் 45,000 என்று உண்மையான லாபம். இரண்டில் எது குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 90(2) பிரிவில் இருக்கிறது. தளம் இதை ஒப்பிட்டுக் காட்டாது, நீங்களே இரண்டு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை முடிக்காமல் அமெரிக்க ரிட்டர்னைத் தொடுவது தவறு. காரணம் ஐஆர்எஸ்ஸின் ஒரு விதி: திரும்பக் கேட்டு வாங்கக்கூடிய வெளிநாட்டு வரியை வரி என்றே அது ஒப்புக்கொள்ளாது. 26ஏஎஸ்ஸைப் பார்த்து 93,600 ரூபாயை டாலராக்கி, வெளிநாட்டில் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளும் சலுகைக்கான (கிரெடிட்) 1116 படிவத்தில் எழுதிவிடுவதுதான் பரவலாக நடக்கும் பிழை. முதல் உதாரணத்தில் அவருக்கு உரிய கிரெடிட் பூஜ்யம். கடைசி உதாரணத்தில் இந்தியாவில் 93,600 கட்டியே தீர்த்திருந்தாலும், ஒப்பந்தப்படி 45,000 தான் கட்டியிருக்க வேண்டும் என்பதால் அதற்கு மேல் கிரெடிட் கிடையாது. டிடிஎஸ் என்பது முன்பணம். இந்திய ரிட்டர்னில் கடைசியாக நிற்கும் தொகைதான் வரி.

அடுத்த முடிச்சு, ஆண்டுகள் பொருந்தாதது. அமெரிக்காவுக்கு ஜனவரி முதல் டிசம்பர், ரிட்டர்ன் ஏப்ரல் 15-க்குள். இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச், ரிட்டர்ன் வழக்கமாக ஜூலை 31-க்குள். அமெரிக்காவில் 2025-க்கான ரிட்டர்ன் போடும் ஏப்ரலில், 2025-26-க்கான இந்தியப் படிவமே தளத்தில் ஏறியிருக்காது. வட்டி வருமானத்தைப் பிரிப்பது எளிது: 26ஏஎஸ்ஸில் ஒவ்வொரு வரவுக்கும் தேதி இருக்கிறது. 2024-25 தாளிலிருந்து ஜனவரி–மார்ச் வரிகளையும், 2025-26 தாளிலிருந்து ஏப்ரல்–டிசம்பர் வரிகளையும் எடுத்துச் சேர்த்தால் போதும். வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் நிதியாண்டுக்கானது என்பதால் அப்படியே பயன்படாது.

வரியைப் பிரிப்பதற்கு 1116-ன் இரண்டாம் பகுதியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: 'பெய்ட்' (கட்டியது) அல்லது 'அக்ரூட்' (கட்ட வேண்டியதாக உருவானது). பலர் யோசிக்காமல் முதலாவதைத் தட்டிவிடுகிறார்கள். இரண்டாவதுதான் இந்தியா–அமெரிக்கா ஜோடிக்கு ஒத்துவரும். அந்த முறையில் இந்திய வரி, இந்திய நிதியாண்டு முடியும் நாளில் உருவானதாகக் கொள்ளப்படுகிறது. எனவே 2025 மார்ச் 31-ல் முடிந்த 2024-25-க்கான முழு வரியும் அமெரிக்க 2025 ரிட்டர்னுக்கு வரும். அந்த இந்திய ரிட்டர்னை நீங்கள் 2025 ஜூலை வாக்கிலேயே முடித்திருப்பீர்கள், தொகை உறுதியானது, ரீஃபண்டும் தெரிந்தது. 1116-ஐத் திருத்தி எழுத வேண்டிய தொல்லை பெருமளவு போய்விடும். நாணய மாற்றும் சுலபம்: கட்டிய ஒவ்வொரு நாளின் விகிதத்தையும் தேட வேண்டாம், ஆண்டுச் சராசரி போதும். இரண்டு நிபந்தனைகள். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பிறகு எல்லா ஆண்டுக்கும் அதேதான். பொதுவாக உரிய நேரத்தில் போடும் மூல ரிட்டர்னில்தான் தேர்ந்தெடுக்க முடியும், திருத்த ரிட்டர்னில் முடியாது.

ஃபில்லபிள் ஃபார்ம்ஸ் தளத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அச்சுப் படிவத்தைத் திரையில் ஒட்டிய மாதிரி இருக்கும். கூட்டல் கழித்தல் பார்க்கும், அறிவுரை சொல்லாது. வருமான உச்சவரம்பு கிடையாது. மாநில ரிட்டர்ன் கிடையாது, பழைய ஆண்டு ரிட்டர்ன் கிடையாது. 1116-ஐ வட்டி, டிவிடெண்ட், வாடகை போன்ற 'பாசிவ்' வகைக்குத் தனியாகவும், சம்பளம் போன்ற 'ஜெனரல்' வகைக்குத் தனியாகவும் போட வேண்டும் என்று அது நினைவூட்டாது. மிஞ்சிய கிரெடிட்டை ஒரு வருடம் பின்னோக்கியும் பத்து வருடம் முன்னோக்கியும் கொண்டுபோகலாம். அதை ஆண்டாண்டாக எழுதிவைப்பதும் உங்கள் வேலை. வாடகை வீட்டுக்கு இந்தியாவின் 30 சதவீதக் கழிவு இங்கே செல்லாது. உண்மையான செலவையும், 2017-க்குப் பிறகு வாடகைக்கு விட்டதென்றால் 30 ஆண்டுக்குப் பரப்பிய தேய்மானத்தையும் கழிக்க வேண்டும். அதனால் ஒரே வீட்டுக்கு இரண்டு நாட்டிலும் இரண்டு வேறு லாபம் வரும். அது தவறல்ல.

வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்பிவைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டி இந்தியாவில் வரியில்லாதது, ஆகவே அமெரிக்காவிலும் காட்ட வேண்டாம் என்ற நம்பிக்கை எந்தத் தளத்தாலும் உடைபடுவதில்லை. அமெரிக்க ரெசிடென்டுக்கு உலகத்தில் எங்கு சம்பாதித்தாலும் வரி உண்டு. என்ஆர்இ வட்டியும் அதில் சேர்த்தி. இந்தியாவில் வரி கட்டாததால் கழித்துக்கொள்ள கிரெடிட்டும் இல்லை. இந்திய ரீஃபண்டோடு வரும் 244ஏ வட்டியைக்கூடக் காட்ட வேண்டும்.

மூன்றாவது தளமான பிஎஸ்ஏ இ-ஃபைலிங்தான் மூன்றிலும் நன்றாகச் செய்யப்பட்டது. கணக்குத் திறக்கத் தேவையில்லை, படிவத்தை நேரே உலாவியில் நிரப்பி அனுப்பிவிடலாம். படிவத்தின் பெயர் ஃபின்சென் 114, பேச்சு வழக்கில் எஃப்பார். எல்லா வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தமும் வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் போதும், எல்லாக் கணக்கையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அந்த வருடத்தின் உச்ச இருப்பு, டிசம்பர் 31-க்கான அமெரிக்கக் கருவூல மாற்று விகிதத்தில். தனி எண் உள்ள ஒவ்வொரு டெபாசிட்டும் தனி வரி. அப்பாவின் கணக்கில் உங்கள் பெயரும் சேர்ந்திருந்தால் அதுவும் உண்டு, பணம் உங்களுடையது இல்லை என்பது இங்கே விலக்காகாது. ஏப்ரல் 15 கெடு, கேட்காமலே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு. தவறவிட்டதற்கான அபராதம், வேண்டுமென்றே செய்யாத நிலையில், கணக்குக்கு ஒன்று அல்ல, ஆண்டு அறிக்கைக்கு ஒன்றுதான் என்று 2023-ல் பிட்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக அசட்டையாக இருக்க முடியாது, அந்த ஒன்றே 10,000 டாலரைத் தாண்டக்கூடும்.

எஃப்பார் அனுப்பியவர்கள், வெளிநாட்டு நிதிச் சொத்துகளைத் தெரிவிக்கும் படிவம் 8938-ஐ மறந்துவிடுகிறார்கள். இது ஐஆர்எஸ்ஸுக்கு, ரிட்டர்னோடு சேர்த்து. அமெரிக்காவில் வசிக்கும் தனிநபருக்கு ஆண்டுக் கடைசி நாளில் 50,000 டாலர் அல்லது எந்த நாளிலாவது 75,000 டாலரைத் தாண்டினால் இது வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து போட்டால் இரண்டும் இரட்டிப்பு. இருக்கும் கணக்குகள் பெரும்பாலும் அதேதான், இரண்டு படிவமும் வேண்டும்.

இந்த இலவச ஏற்பாடு யாருக்கு ஒத்துவராது? முதலில், இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்களுக்கு. அமெரிக்கச் சட்டத்தில் அவை பிஎஃப்ஐசி எனப்படும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள், ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஒரு 8621 படிவம். மொத்த மதிப்பு 25,000 டாலருக்குள் இருந்து, அந்த வருடம் எதையும் விற்காமல், அதிகப்படியான பங்கீடும் வராமல் இருந்தால் தப்பலாம். விற்றுவிட்டால் லாபத்தை வைத்திருந்த நாட்களுக்குப் பங்கு போட்டு, பழைய வருடங்களின் உச்ச விகிதத்தில் வரியும் அதன் மேல் வட்டியும் போட வேண்டும். இதற்கு அனுபவமுள்ள சிபிஏவிடம் பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம். 'என்ஆர்ஐ ஸ்பெஷலிஸ்ட்' என்ற பலகையை நம்பாமல், 8621 எத்தனை போட்டிருக்கிறீர்கள், 1116-ல் பெய்டா அக்ரூடா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாவதற்கு விளக்கம் தராமல் 26ஏஎஸ்ஸை மட்டும் அனுப்பச் சொல்பவர் உங்களுக்கு உதவ மாட்டார்.

இந்த வருடம் ஊரில் சொத்து விற்றவர்களும் உதவி தேடலாம். வாங்குபவர் 195 பிரிவில் வரி பிடிக்க வேண்டியிருக்கும். குறைந்த விகிதத்துக்கான 197 சான்றிதழை விற்பதற்கு முன்பே வாங்க வேண்டும், பத்திரம் பதிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. 2024 ஜூலை 23 முதலான விற்பனைக்கு நீண்டகால லாபத்தில் 12.5 சதவீதம், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் பழைய இண்டெக்சேஷன் தேர்வு ரெசிடென்டுக்கு மட்டும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு அடி. அந்த மாநிலம் வெளிநாட்டு வரிக்குக் கிரெடிட் தருவதில்லை. என்ஆர்ஓ வட்டிக்கு மாநில வரி தனியாக வந்து சேரும்.

எஃப்-1 விசாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு இவை பெரும்பாலும் பொருந்தாது. முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் அவர்கள் அமெரிக்காவுக்கு நான்-ரெசிடென்ட், நான்-ரெசிடென்டுக்கான 1040-என்ஆர் படிவம் போட வேண்டும். இந்திய வருமானத்தைக் காட்ட வேண்டாம், எஃப்பார் வேண்டாம். ஒப்பந்தத்தின் 21(2) பிரிவால் ஸ்டாண்டர்ட் டிடக்ஷனும் கிடைக்கும். மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இல்லாத சலுகை அது.

திரும்பி வந்து ஊரிலேயே குடியேறியவர்களுக்கு எல்லாம் தலைகீழ். அப்போது கிரெடிட் கொடுக்க வேண்டியது இந்தியா. அதற்குப் படிவம் 67, ரிட்டர்னில் வெளிநாட்டு வருமானத்துக்கான எஃப்எஸ்ஐ, வரிச் சலுகைக்கான டிஆர் அட்டவணைகள். மூன்றிலும் தொகை ரூபாய் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். கட்டிய வரியை ரூபாயாக்க, அது கட்டப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் பையிங் விகிதம் (வங்கி டாலரை வாங்கும் விலை). படிவம் 67-க்கு அஞ்சலில் அனுப்பும் வழி இல்லை, இணையத்திலேயே சரிபார்த்தாக வேண்டும். எஃப்ஏ அட்டவணையில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும்போது நிதியாண்டு அல்ல, டிசம்பர் 31-ல் முடியும் காலண்டர் ஆண்டு. மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர்த்த மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. ஆனால் திரும்பிய உடனே இதில் குதிக்க வேண்டாம். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் நான்-ரெசிடென்டாக இருந்தவரோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளைத் தாண்டாதவரோ 'நாட் ஆர்டினரிலி ரெசிடென்ட்'. அவருடைய அமெரிக்கச் சேமிப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை, எஃப்ஏ அட்டவணையும் இல்லை. தளத்தில் வசிப்பு நிலைக்கான பட்டியலில் அது தனித் தேர்வாகவே இருக்கிறது. அவசரத்தில் வெறும் 'ரெசிடென்ட்' என்று தட்டிவிட்டுப் பிறகு திருத்த ரிட்டர்ன் போடுபவர்கள் நிறைய.